சங்கீதம் கேட்க எந்த ஸ்பீக்கர்? - மெட்ராஸ் சரித்திரத்தில் ஒரு தேடல்

ஆவடின்னு சொன்னா சரித்திரம் படிச்சவங்களுக்கு 1955 காங்கிரஸ் மாநாடு ஞாபகத்துக்கு வரும். மத்தவங்களுக்கு டாங்கி ஃபாக்டரி. என்னை மாதிரி ரேடியோ பைத்தியங்களுக்கு மட்டும் மூணாவதா ஒண்ணு உண்டு, ஆகாசவாணியின் சிற்றலை ஒலிபரப்பு நிலையம். மெட்ராஸ் ஸ்டுடியோவில் பாடிய பாட்டு பல வருஷம் இங்கேருந்துதான் கடல் தாண்டிப் போச்சு. அப்படிப்பட்ட ஊர்ல குடியிருந்துகிட்டு, வீட்டுல கர்நாடக சங்கீதம் கேக்க ஒழுங்கா ஒரு ஜோடி ஸ்பீக்கர் இல்லைன்னா ஊருக்கே மரியாதை இல்லையே. அதான் இந்தப் பதிவு. :-)

இது விலைப்பட்டியல் பதிவு இல்லைன்னு முதல்லயே சொல்லிடறேன். ஸ்பீக்கர் வாங்கணும்னு யாரைக் கேட்டாலும் "பட்ஜெட் எவ்வளவு?"ன்னு திருப்பிக் கேக்கறாங்க. நியாயமான கேள்விதான். ஆனா அதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தோணுது.

நல்ல ஸ்பீக்கருக்கு உலகம் பூரா சொல்ற இலக்கணம், "அசலில் இருந்தது போலவே ஒலிக்கணும்" என்பது. மேற்கத்திய சிம்பொனி கேக்கறவருக்கு இதுல குழப்பமே இல்லை. அங்கே அரங்கத்துல பெரும்பாலும் மைக் கிடையாது. வயலின் மரத்திலிருந்து வர்ற சத்தம் நேரா காதுக்கு வருது, வீட்டு ஸ்பீக்கர் அதைத் தரணும். அவ்வளவுதான். நம்ம சங்கீதத்துக்கு எது அசல்? நான் போய்க் கேட்ட சபா கச்சேரிகள் அநேகமா எல்லாமே மைக் வழியா, ஸ்பீக்கர் வழியா வந்ததுதான். அப்ப நான் வீட்டுல எதை மாதிரி கேக்கணும்? ஒரு ஸ்பீக்கர் மாதிரியே ஒலிக்கிற இன்னொரு ஸ்பீக்கரா?

இதுக்குப் பதில் தேடிப் பின்னாடி போனா, கொஞ்சம் கொஞ்சமா நூறு வருஷம் தாண்டிப் போகவேண்டியதாச்சு. வாங்க, சேர்ந்து போகலாம்.

புனல் காலம்

கிராமஃபோன் கம்பெனியின் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் 1902ல் கல்கத்தா வந்து ஒலிப்பதிவு பண்ணினார். அதுக்கப்புறம் கொஞ்ச வருஷத்துல நம்ம பக்கத்துப் பாடகர்களும் இசைத்தட்டுல ஏறினாங்க. அந்தக் காலத்து ஒலிப்பதிவுல மின்சாரமே கிடையாது. பாடறவர் ஒரு பெரிய புனலுக்குள்ள முகத்தை வச்சுக் கத்தணும், அந்த அதிர்வே ஊசியை அசைச்சு மெழுகுல கோடு போடும். கேக்கறப்பவும் அதே கதைதான். சாவி கொடுத்தா சுத்துற தட்டு, எஃகு ஊசி, மேல ஒரு புனல். சுமாரா 250 ஹெர்ட்ஸிலிருந்து 2500 ஹெர்ட்ஸ் வரைதான் பதிவாகும். அதுக்குக் கீழயும் மேலயும் இருக்கறதெல்லாம் போயே போச்சு. மிருதங்கத்தின் தொப்பியும் தம்புராவின் மேல்நாதமும் அந்தப் புனலுக்குள்ள நுழையவே முடியாது.

நேரமும் கட்டு. பத்து அங்குலத் தட்டுல ஒரு பக்கத்துக்குச் சுமாரா 3 நிமிஷம். ஒரு மணி நேரம் ராகம் பாடறவர் 3 நிமிஷத்துல ராகத்தோட முகத்தைக் காட்டிட்டு ஓடணும். கருவி நம்ம சங்கீதத்தைத் தன் அளவுக்கு வெட்டின முதல் சந்தர்ப்பம் இது. அந்தச் சுருக்கத்துலயும் அற்புதங்கள் வந்தது வேற விஷயம்.

1925 முக்கியமான வருஷம். மைக் வச்சு மின்சார முறையில பதிவு பண்றது அப்பதான் வியாபாரத்துக்கு வந்தது. அதே வருஷம் அமெரிக்காவுல ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ரெண்டு பேரும் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டாங்க. காந்தப்புலத்துல ஒரு கம்பிச்சுருள், அதோட ஒட்டின காகிதக் கூம்பு, மின்சாரம் ஏறி இறங்க ஏறி இறங்கக் கூம்பு முன்னும் பின்னும் அசையும். இன்னிக்கு உங்க வீட்டு டிவிக்குள்ள, காருக்குள்ள, செல்ஃபோனுக்குள்ள இருக்கற ஸ்பீக்கரெல்லாம் அடிப்படையில் அதேதான். நூறு வருஷமாச்சு, தத்துவம் மாறலை. நான் வேலை பார்க்குற துறையில பத்து வருஷத்துக்கு முன்னாடி எழுதினதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. இவங்க கொடுத்து வச்சவங்க.

மெரினாவில் ஒலிபெருக்கி

மெட்ராஸ் இதுல பின்தங்கி இல்லைங்கறதுதான் நமக்குப் பெருமை. 1924ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று மெட்ராஸ் மாகாண ரேடியோ கிளப்பை ஆரம்பிச்சார். அதே வருஷம் ஜூலை 31ல் ஒலிபரப்பும் தொடங்கிடுச்சு. முதல் ஒலிபரப்பியோட சக்தி வெறும் 40 வாட். இன்னிக்கு ஒரு சாதாரண வீட்டு ஆம்ப்ளிஃபயரே அதுக்கு மேல இருக்கும். பணமில்லாம 1927ல் கிளப் மூடிட்டாங்க. ஒலிபரப்பிக் கருவி மெட்ராஸ் மாநகராட்சி கைக்குப் போச்சு. 1930 ஏப்ரல் 1லிருந்து மாநகராட்சியே ரேடியோ நடத்தியது. அப்புறம் 1938 ஜூன் 16ல் எழும்பூர் மார்ஷல்ஸ் சாலையில ஆகாசவாணி மெட்ராஸ் நிலையம் வந்தது.

நடுவுல அந்த மாநகராட்சிக் காலத்தைக் கொஞ்சம் கவனிங்க. வீட்டுல ரேடியோ வச்சிருந்தவங்க ரொம்பக் கம்மி. அதனால மாநகராட்சி மெரினாவிலும் சில பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வச்சது. சாயங்காலம் காத்து வாங்க வந்தவன் மணல்ல உக்காந்து கச்சேரி கேட்டான். டிக்கெட் வேண்டாம், யார் வீட்டுப் பிள்ளைன்னு யாரும் கேக்க மாட்டாங்க. அதுவரைக்கும் நல்ல சங்கீதம் கேக்கணும்னா கோயில், கல்யாண வீடு, பெரிய மனுஷன் வீட்டுக் கூடம், இல்லைன்னா சபா. இது எல்லாத்துலயும் ஒரு வாசல்படி உண்டு. ஒலிபெருக்கிக்கு வாசல்படி இல்லை. ஒலிபெருக்கியைத் திட்டறவங்க (நானும் கீழே திட்டப் போறேன்) இதை மறக்கக்கூடாது.

மைக் வந்தது, கட்டை இறங்கியது

1927 மெட்ராஸ் காங்கிரஸோட சேர்ந்து நடந்த இசை மாநாட்டிலிருந்துதான் 1928ல் மியூசிக் அகாடமி பிறந்தது. சபாக்கள் பெருகின, கூட்டம் பெருகியது. 1930களில் மேடைக்கு மைக் வந்தது.

அதுக்கு முன்னாடி பாடகனுக்கு முதல் தகுதி தொண்டை. கடைசி வரிசைக்குக் கேக்கலைன்னா ஞானம் இருந்து பிரயோஜனமில்லை. அதனால ஆண்கள்கூட நாலு, நாலரை, அஞ்சு கட்டைன்னு சுருதியை ஏத்திப் பாடினாங்க. நாடக மேடையில எஸ்.ஜி. கிட்டப்பா மைக் இல்லாம பெருங்கூட்டத்தையே கட்டிப்போட்டார். அவர் 1933ல் காலமானப்ப வயசு 27. என் வயசுதான் இருக்கும். அந்த வயசுல அவர் அப்படி ஒரு பேர் எடுத்துட்டுப் போயிட்டார், நான் ஸ்பீக்கர் தேடிக்கிட்டிருக்கேன்.

மைக் வந்ததும் அந்தக் கட்டாயம் போச்சு. ஆண்கள் ஒண்ணு, ஒண்ணரை, ரெண்டு கட்டைன்னு இறங்கினாங்க. கீழ்ஸ்தாயியில மெதுவா ஒரு கமகம் போட்டாலும் கடைசி வரிசைக்குப் போச்சு. சன்னமான சாரீரம் உள்ளவங்களும் மேடையேற முடிஞ்சது. நாகஸ்வரத்திலும் சுருதி இறங்கியது. திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்த நீளமான பாரி நாயனத்தை வாசிச்சார். பழைய திமிரியோட உச்சச் சுருதிக்குப் பதிலா, பாட்டுக் கச்சேரிக்கு நெருக்கமான சுருதி. நாலு வீதிக்குக் கேக்கணும்னு பிறந்த வாத்தியம் மேடையில உக்கார்ந்தது.

ஆக, மைக்கும் ஸ்பீக்கரும் சங்கீதத்தை வெறுமனே பெரிசு பண்ணிக் காட்டற பூதக்கண்ணாடி இல்லை. யார் பாடலாம், எந்தச் சுருதியில பாடலாம், எவ்வளவு மெதுவாப் பாடலாம்ங்கறதையே அது மாத்திடுச்சு. நாம இன்னிக்குக் "கர்நாடக சங்கீதக் குரல்"னு நினைக்கறதுல பாதி, மைக் அனுமதிச்ச குரல்.

தனம்மாள் வீட்டு வெள்ளிக்கிழமை

இதே காலத்துல, இதே மெட்ராஸ்ல, இதுக்கு நேர் எதிரா ஒண்ணு நடந்தது. ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் (1867-1938) வெள்ளிக்கிழமை சாயங்காலம் தன் வீட்டிலேயே வாசிப்பார். மைக் கிடையாது. வீணையோட நாதம் ரொம்பச் சன்னம். வந்திருக்கறவங்க மூச்சு விடற சத்தம்கூடக் கேக்காம உக்காரணும். வந்தவர்களில் பெரிய வித்வான்களும் உண்டு. கேக்கறவன் வாத்தியத்தோட சத்தத்துக்குத் தன்னைச் சுருக்கிக்கணும்ங்கறது அந்த வீட்டுச் சட்டம். 1930களில் அவர் வாசிப்பு இசைத்தட்டுலயும் பதிவாகியிருக்கு. கரகரப்புக்கு நடுவுல காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டா அந்த அறையோட அமைதி கொஞ்சம் பிடிபடும்.

பின்னாடி வந்த வைணிகர்கள் பலர் வீணை மேலேயே ஒட்டற மைக் வச்சுக்கிட்டாங்க. பெரிய அரங்கத்துக்கு வேற வழியில்லை. ஆனா வீட்டு ஸ்பீக்கர் வாங்கற நமக்கு எது முன்மாதிரி? ஆயிரம் பேர் உக்கார்ற அரங்கமா, அந்த ஜார்ஜ் டவுன் அறையா? நம்ம வீட்டு ஹால் பத்துக்குப் பன்னிரண்டு அடி. பதில் அதுலயே இருக்கு.

வால்வு ரேடியோ முதல் பிஎம்பிஓ வரை

வீட்டுக்குள்ள ஸ்பீக்கர் வந்தது ரேடியோ பெட்டியாத்தான். தபால் ஆபீஸ்ல லைசென்ஸ் பணம் கட்டி, பரண் மாதிரி ஒரு மேடையில பூப்போட்ட துணி போத்தி வச்ச வால்வு ரேடியோ. "அந்தச் சத்தம் மாதிரி வராதுப்பா"ன்னு பெரியவங்க சொல்றது வெறும் பழம்பெருமை இல்லை. கனமான மரப்பெட்டி, பின்பக்கம் திறந்திருக்கும், உள்ளே ஒரே ஒரு காகிதக் கூம்பு. மத்திய அலையில் மேல்சுரங்கள் சுமாரா 4500 ஹெர்ட்ஸோட நின்னுடும். அடி பேஸும் வராது. நடுவுல இருக்கற மனுஷக் குரல் மட்டும் தடங்கலில்லாம வரும். வாய்ப்பாட்டுக்கு வேண்டியதும் முக்கால்வாசி அங்கேதான் இருக்கு. 1952ல் ஆரம்பிச்ச தேசிய இசை நிகழ்ச்சியையும், 1954ல் ஆரம்பிச்ச சங்கீத சம்மேளனத்தையும் ஒரு தலைமுறையே இந்தப் பெட்டியிலதான் கேட்டு வளர்ந்தது. 1977 ஜூலை 23ல் நாட்டின் முதல் பண்பலை ஒலிபரப்பு மெட்ராஸ்லதான் தொடங்கியது. அதுல 15000 ஹெர்ட்ஸ் வரை வரும்.

அப்புறம் கேசட். சங்கீதா மாதிரி கம்பெனிகள் கச்சேரியைக் கைக்கு அடக்கமாக் கொடுத்தாங்க. பர்மா பஜார்லயும் வளைகுடாவிலிருந்து வந்தவர் பெட்டியிலயும் டூ-இன்-ஒன் வந்தது. 1970ல் கல்கத்தாவில் ஆரம்பிச்ச சோனோடைன் மாதிரி உள்நாட்டு கம்பெனிகளும் இருந்தன. ஆனா இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலம். நல்ல வெளிநாட்டு ஸ்பீக்கர்ங்கறது மாமா யாராவது சிங்கப்பூர்ல இருந்தாத்தான்.

1991க்கு அப்புறம் கதவு திறந்தது. கூடவே பேய் ஒண்ணும் வந்தது. அதோட பேர் பிஎம்பிஓ. கையடக்கமா ஒரு பெட்டி, மேல "1000 வாட்ஸ் பிஎம்பிஓ"ன்னு தங்க எழுத்து. கண நேரத்துக்கு உச்சமா எவ்வளவு தாங்கும்னு விளம்பரத்துக்காகச் சொல்ற எண் அது. தொடர்ந்து தரக்கூடிய ஆர்எம்எஸ் வாட் அதுல சின்னப் பங்குதான். அந்த வாட்டை வச்சுக்கிட்டு அதிர்வைக் காட்டணும்னா ஒரே வழி, குறிப்பிட்ட ஒரு கீழ்சுரத்தை மட்டும் தூக்கிக் கொடுக்கறது. "பேஸ் சூப்பரா இருக்குல்ல?"ன்னு கேக்கற பழக்கம் அங்கேதான் நம்ம ஊர்ல வேர் விட்டது. சினிமாப் பாட்டுக்கு அது சரி. மிருதங்கத்துக்கு? எல்லாச் சொல்லும் "தொம் தொம்"னு ஒரே சொல்லாயிடும். பாலக்காடு மணி ஐயரும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டறவரும் ஒண்ணு!

ராமன் தந்த பரீட்சை

சரி, சபாவும் முன்மாதிரி இல்லை, பழைய ரேடியோவும் முழுசா இல்லைன்னா எதை வச்சு அளக்கறது? மைக் தேவைப்படாத ஒண்ணை வச்சு அளக்கணும். எனக்குக் கிடைச்ச பதில் தம்புரா. சொல்லிக் கொடுத்தவர் சர் சி.வி. ராமன்.

நோபல் பரிசு வாங்கறதுக்கு முன்னாடி, கல்கத்தாவில் இருந்தப்ப, அவர் நம்ம வாத்தியங்களை ஆராய்ஞ்சார். 1920ல் 'நேச்சர்' இதழில் மிருதங்கம், தபலா பத்தி எழுதினார். சாதாரணத் தோலை அடிச்சா வர்ற மேல்சுரங்கள் ஒண்ணுக்கொண்ணு ஒட்டாது, வெறும் சத்தமா இருக்கும். மிருதங்கத்தோட வலந்தலையில நடுவுல வைக்கற கறுப்புச் சோறு அந்தக் கணக்கையே மாத்தி, மேல்சுரங்களை ஒழுங்கான வரிசைக்குக் கொண்டுவருது. அதனாலதான் மிருதங்கத்தைச் சுருதி சேர்க்க முடியுது.

1921ல் தம்புரா, வீணை பத்தி எழுதினார். தம்புராவோட குதிரை தட்டையா, லேசா வளைஞ்சிருக்கும். அதுல தந்திக்கு அடியில ஒரு நூல் வைப்பாங்க, ஜீவா. தந்தி அதிரும்போது குதிரையை உரசி உரசிப் போகும். சாதாரணத் தந்தியில, மீட்டற இடத்தைப் பொறுத்துச் சில மேல்சுரங்கள் வரவே கூடாதுங்கறது பௌதிக விதி. தம்புராவுல அதெல்லாம் வருது! அந்த ஒரு துண்டு நூல் பண்ற வேலை.

இதுலதான் நம்ம பரீட்சை இருக்கு. ஒரு கட்டை சுருதியில ஸட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். அதோட அஞ்சாவது மேல்சுரம் 654 ஹெர்ட்ஸ், அது அந்தர காந்தாரம். தம்புராவுல காந்தாரத்துக்குத் தந்தியே கிடையாது, ஆனா நல்லா சுருதி சேர்ந்தா காந்தாரம் தானாக் கேக்கும். ஸ்வயம்பு காந்தாரம்னு சொல்வாங்க. ஸ்பீக்கர் கடைக்குப் போறப்ப தம்புரா மட்டும் இருக்கற ஒரு பதிவைச் செல்ஃபோன்ல எடுத்துட்டுப் போங்க. காந்தாரம் தனியா மிதந்து வந்தா அந்தப் பெட்டி பாஸ். மெல்லிசான பலகைப் பெட்டின்னா, பெட்டியே சில நூறு ஹெர்ட்ஸ்ல தன் பங்குக்குக் கூடப் பாடும். காந்தாரம் அதுல கலங்கிடும். கடைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார், கண்டுக்காதீங்க.

இன்னொரு கணக்கு. ஒரு கட்டையில பாடற ஆண் மந்திர பஞ்சமத்துக்கு இறங்கினா 98 ஹெர்ட்ஸ். அஞ்சு கட்டையில பாடற பெண்ணுக்கு அது 147. தம்புராவின் மந்திரத் தந்தி 65. மேற்கத்திய இசையில டபுள் பேஸ் 41 வரை இறங்கும், பெரிய சர்ச் ஆர்கன் 16 வரைகூட. நமக்கு அந்தப் பாதாளம் தேவையே இல்லை. அதுக்காகத் தனி சப்வூஃபர் வாங்கற காசு மிச்சம்.

இதுக்குச் சரித்திரத்துலயே ஒரு முன்னுதாரணம் இருக்கு. 1970களில் பிபிசி தன் ஒலிபரப்பு வேன்களுக்குள் வச்சுக் கேக்க ஒரு குட்டி ஸ்பீக்கரை உருவாக்கியது, பேர் எல்எஸ்3/5ஏ. உயரம் ஒரு அடி. அதிர வைக்கற பேஸ் கிடையாது, ரொம்பச் சத்தமும் போடாது. பேச்சுக்குரல் இயல்பா இருக்கான்னு கண்டுபிடிக்கறதுதான் அதோட வேலை. பெட்டியின் பலகைக்கு உள்பக்கம் அதிர்வைச் சாகடிக்கற பூச்சு போட்டிருப்பாங்க. வேனுக்காகச் செஞ்சது, வீட்டுல சங்கீதம் கேக்கறவங்க மத்தியில பேர் எடுத்துடுச்சு. அதுலேருந்து நாம கத்துக்கறது ஒண்ணுதான்: முதல்ல குரல் சரியா வரணும், மத்ததெல்லாம் அப்புறம்.

அப்பாவின் காது

இந்தத் தேடலுக்கு எங்க வீட்டுல ஒரு அவசரமும் இருக்கு. அப்பா முப்பது வருஷத்துக்கு மேல இந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒண்ணுல மெஷின் சத்தத்துக்கு நடுவுல வேலை பார்த்தவர். ரிடையர் ஆனப்புறம் நிம்மதியா பாட்டு கேக்கணும்னு ஆசை. இப்ப நேரம் இருக்கு, காது பாதிதான் இருக்கு. "பாடறது கேக்குது, என்ன வார்த்தைன்னு புரியலை"ங்கறார்.

டாக்டர் எடுத்த காது வரைபடத்துல 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு பள்ளம். மெஷின் சத்தம் தின்ன காதுக்கு அடையாளமே அதுதானாம். 'க', 'ச', 'த' மாதிரி மெய்யெழுத்துகளோட கூர்மை ரெண்டாயிரத்துக்கு மேலதான் இருக்கு. உயிரெழுத்து கீழே இருக்கு. அதனால ராகம் காதுல விழும், சாகித்யம் நழுவிடும். தியாகராஜர் யாரைக் கூப்பிடறார்னே தெரியாம அழுகை மட்டும் கேக்கற மாதிரி.

சத்தத்தைக் கூட்டினா சரியாகும்னு வீட்டுல எல்லாரும் நினைச்சோம். ஆகாது. கீழ்சுரம் அதிகமா இருந்தா அது மேல்சுரத்தை மூடிடும், காதோட இயல்பே அப்படி. கூட்டக் கூட்ட பேஸும் கூடும், அது மெய்யெழுத்துகளை இன்னும் அமுக்கும். அதனால அவருக்கு வேண்டியது பெரிய சத்தம் இல்லை. பூமாத அடிநாதம், தெளிவான நடுப்பகுதி, கிட்டத்துல உக்கார்றது.

அதாவது தம்புராவோட காந்தாரம் கேக்கணும்ங்கற என் பித்துக்கும், பாட்டோட வார்த்தை புரியணும்ங்கற அவர் தேவைக்கும் வேண்டியது ஒரே பெட்டி. ரெண்டுமே தனம்மாள் வீட்டு அறையைத்தான் கேக்குது.

அப்ப எந்த ஸ்பீக்கர்?

பிராண்டு சொல்ல மாட்டேன், விளம்பரமாயிடும். நான் தேர்ந்தெடுத்த வகையும் காரணமும் மட்டும்.

1. அஞ்சு அல்லது ஆறரை அங்குல ஊஃபர், ஒரு ட்வீட்டர், கனமான பெட்டி. தட்டினா "டொக்"னு நிக்கணும், "டொம்ம்"னு இழுக்கக்கூடாது. சப்வூஃபர் வேண்டாம். ரிச்சி தெருவில் ட்ரைவர் வாங்கி ஆசாரியை வச்சுப் பெட்டி செய்யறவங்களும் இதைக் கவனிங்க.

2. வாட்டுக்குப் பயப்பட வேண்டாம். சத்தம் ரெண்டு மடங்கா தோணணும்னா வாட் பத்து மடங்கு ஆகணும். நம்ம ஹாலுக்கு ஒழுங்கான 30, 40 வாட் ஆர்எம்எஸ் தாராளம்.

3. ஆரியக்குடி, ஜி.என்.பி., மதுரை மணி காலத்துப் பதிவுகள் அநேகமா எல்லாமே மோனோ. அதைக் கேக்க ரெண்டு ஸ்பீக்கரே தேவையில்லை. பணம் கம்மின்னா மட்டமா ரெண்டு வாங்கறதைவிட நல்லதா ஒண்ணு வாங்கி, அப்புறம் ஜோடி சேர்க்கலாம்.

4. கண்ணை மூடிட்டுக் கேளுங்க. கனடாவில் ஃபிளாய்ட் டூல் 1980களில் திரைபோட்டு மறைச்சு ஸ்பீக்கர் பரீட்சைகள் நடத்தினார். பேரும் அளவும் தெரியாதப்ப பெரும்பாலானவங்க எந்தச் சுரத்தையும் தூக்காத, அமுக்காத ஸ்பீக்கரைத்தான் விரும்பினாங்க. பின்னாடி நடந்த சோதனைகளில், கண்ணால பார்த்துட்டுக் கேட்டா தீர்ப்பு மாறறதும் தெரிஞ்சது. வீட்டுல ஒரு வேட்டியைக் குறுக்கே கட்டினா போதும். ரெண்டோட சத்தமும் சமமா இருக்கணும். லேசா சத்தம் கூட இருக்கறதுதான் எப்பவும் ஜெயிக்கும்.

5. ஸ்பீக்கரைவிட அறை முக்கியம். பன்னிரண்டு அடி நீளத்துக்குச் சுமார் 47 ஹெர்ட்ஸ்லயும், பத்து அடி அகலத்துக்கு 56லயும் அறையே கூடச் சேர்ந்து முழங்கும். மூலையில வச்சா இன்னும் மோசம். சுவரிலிருந்து ரெண்டு அடி தள்ளி, காது உயரத்துக்கு வைங்க. கனமான திரைச்சீலை, புத்தக அலமாரி, ஒரு பஞ்சு மெத்தை. எதிரொலி பாதி அடங்கிடும்.

6. ஃபேனை நிறுத்துங்க. சிரிக்காதீங்க, உண்மையிலேயே. ஆவடி வெயில்ல இது பெரிய தியாகம்தான். ஆனா ஃபேன் சத்தத்துல முதல்ல காணாமப் போறது தம்புரா. அரக்கோணம் போற ரயிலை நிறுத்த முடியாது, ஃபேனை நிறுத்தலாம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல கேட்டா ரெண்டுக்கும் நிவர்த்தி.

வாங்கின பெட்டி ரெண்டும் இப்ப ஹால்ல ஸ்டூல் மேல இருக்கு. அப்பா நாற்காலி அதுலேருந்து நாலடி. போன வாரம் ஒரு கீர்த்தனை ஓடிக்கிட்டிருந்தப்ப சரணத்துல ஒரு வரியை அவர் திருப்பிச் சொன்னார். ஒரு எழுத்து தப்பு. பரவாயில்லை, மத்ததெல்லாம் சரி.

உங்க வீட்டுல எந்தப் பெட்டி? தம்புராவுல காந்தாரம் கேக்குதா? இன்னிக்கு ராத்திரி ஃபேனை நிறுத்திட்டு ஒரு தடவை கேட்டுப் பார்த்துட்டுப் பின்னூட்டத்துல சொல்லுங்க.